கடைக்குப் போனவர்களின் பட்டியல்

தண்ணிழல் இல்லத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள் யாரும் வேலையை விட்டுப் போவதில்லை. கடைக்குப் போகிறார்கள்.

இது அங்கே எழுதி மாட்டாத சட்டம். எழுதி மாட்டிய சட்டங்கள் இருபத்திரண்டு உண்டு. அவற்றை யாரும் படித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் செயலாளர் ஜீவானந்தம், புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே வாயால் சொல்லிவிடுவார். என்றைக்காவது விலகுவதாக இருந்தால் பிள்ளைகளிடம் விடைபெறக் கூடாது. சொன்னால் அழுவார்கள், சாப்பிட மாட்டார்கள், ஒருவர் அழுவதைப் பார்த்து இன்னொருவர் தொடங்குவார். ஆகவே பையை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லி, கையை வீசிக்கொண்டு போய்விட வேண்டும். சேருகிற நாளிலேயே போகிற விதத்தையும் கற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஆரணி வட்டாரத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

பிள்ளைகள் என்று அவர் சொல்வது இருபத்தாறு பேரை. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒரு காலத்தில் சொன்ன அரசாங்கத் தாள்கள் இப்போது அறிவுசார் குறைபாடு உடையவர்கள் என்கின்றன. செயலாளர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு ‘தெய்வக் குழந்தைகள்’ என்பார். தெய்வக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு நரைத்துவிட்டது. மூத்த குழந்தைக்கு வயது ஐம்பத்து மூன்று. மூட்டுவலிக்குத் தினமும் தைலம் தேய்க்க வேண்டும்.

இல்லம் இருப்பது போளூர் சாலையில், முன்பு பட்டு நூல் முறுக்கும் இயந்திரங்கள் ஓடிய கொட்டகையில். கூரை ஆஸ்பெஸ்டாஸ். சித்திரை மாதத்தில் தண்ணிழலுக்குள் இருப்பவர்கள் நிழல் வேண்டி வெளியே வேப்பமரத்தடிக்கு வருவார்கள்.

இந்தக் கடைச் சட்டம் உண்டானது தனகோடியால். அவருக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பதினேழு வருடங்களுக்கு முன், தாயார் இறந்து காரியம் முடிந்த மறுவாரம், வெம்பாக்கம் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் பைக்கில் வைத்துக் கூட்டிவந்தார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது தம்பி சட்டையைப் பிடித்துக்கொள்ளவே, “கடைக்குப் போய் பன்னு வாங்கினு வரேன், இங்கியே குந்தினு இரு” என்று சொல்லிவிட்டுப் போனார். தனகோடி கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அழவில்லை. கத்தவில்லை. சோறு வந்தபோது சாப்பிட்டார்.

செயலாளர் அதைப் பார்த்தார். அதுவரை கொண்டுவந்து விடப்பட்டவர்கள் எல்லாரும் முதல் நாள் இல்லத்தை இரண்டாக்கியவர்கள். இவரோ கோவில் சிலைபோல இருந்தார். ஜீவானந்தம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சத்தம் வராத வகுப்பில் பாடம் நடக்கிறது என்று முப்பது வருடம் நம்பியவர். அன்றே அது விதியாயிற்று.

தனகோடி பன்னுக்காகக் காத்திருந்தார். இன்னும் காத்திருக்கிறார்.

மாலை ஐந்து மணிக்கு டீ குடித்ததும், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அதே இடத்தில் போட்டு உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். “அண்ணன், பன்னு. சுபத்ரா, பேனா. பிலவேந்திரன், பந்து.” சுபத்ரா பாடம் சொல்லிக்கொடுக்க வந்து இரண்டு வருடம் இருந்தவள். பிலவேந்திரன் உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவன், ஏழே மாதம். கடைக்குக் கிளம்பியபோது உனக்கு என்ன வாங்கிவர என்று அவர்கள் கேட்க, தனகோடி ஒவ்வொருவரிடமும் ஒரு சாமான் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப் பதினான்கு பேர், பதினான்கு சாமான்கள். ஒரு பெயர் இடம் மாறியதில்லை. தண்ணிழலில் யார் எப்போது வேலை பார்த்தார்கள் என்று ஆபீசில் கேட்டால் மூன்று பீரோவைத் திறக்க வேண்டும். தனகோடியிடம் கேட்டால் இரண்டு நிமிடம். அறிவு குறைவு என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பது அவருக்குத்தான்.

வருகிற விருந்தாளிகளுக்குச் செயலாளர் அந்த நாற்காலியைத் தூரத்திலிருந்தே காட்டி, “மாலைப் பிரார்த்தனை. யாரும் சொல்லித்தரவில்லை” என்பார். அப்படி ஒருமுறை கண்கலங்கிய ஒரு பட்டுக்கடை வீட்டு அம்மாள் இரண்டு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தார். இறக்கைகளில் அவருடைய மாமனார் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. விசிறி சுற்றும்போது படிக்க முடியாது. கரண்ட் போனால்தான் பெரியவரை நினைத்துக்கொள்கிறார்கள்.

சோபியா இந்த இல்லத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். வயது முப்பத்தாறு. அவள் சேர்ந்தபோது பகலுக்கு ஐந்து பேரும் இரவுக்கு மூன்று பேரும் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கடைக்குப் போனார்கள். கடைசியாகப் போனவன் அருள்ராஜ். ஆண்களைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, விழுந்தவரைத் தூக்குவது எல்லாம் அவன் வேலை. அவன் போய் நாலு மாதம் ஆகியும் பதிலுக்கு ஆள் வரவில்லை. சோபியா மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு, “தாய்க்கு ஏதம்மா ஆண்பிள்ளை, பெண்பிள்ளை?” என்றார். அன்றிலிருந்து பதினொரு ஆண்களுக்கும் அவளே தாயானாள்.

லீவு கேட்டால் இது வேலையில்லை, சேவை என்பார். வேலைக்குத்தானே லீவு உண்டு. சமையல்கார ராஜம்மாளுக்கு இதில் வேறு கருத்து இருந்தது. “அவுரு பண்றது சேவ, நாம அள்றது பீ. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றாரு இல்ல, ஒரு நாளைக்குக் கைய மாத்திக்கலாமான்னு கேட்டுப் பாரேன்டி” என்பாள் சோபியாவிடம். ராஜம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. இருபத்தாறு பேருக்குச் சமைக்கிறவள் என்பதால் அவளைக் கடைக்கு அனுப்பச் செயலாளருக்குத் தைரியம் இல்லை.

சோபியா கருணைக் கடல் ஒன்றும் இல்லை. எரிந்து விழுவாள், முணுமுணுப்பாள், மூத்திரத் துணியைக் கால்விரலால் எடுத்துப் போடுவாள். ஆனால் இல்லத்தில் அவள் மட்டும் தனகோடியை ‘அண்ணா’ என்று கூப்பிட்டாள். தன்னைவிட ஆறு வயது பெரியவரை வாடா போடா என்பதற்கு வாய் வரவில்லை. குழந்தைகளை இப்படிக் கூப்பிடுவது அவர்களைக் குழப்பும் என்று செயலாளர் கண்டித்தார். தனகோடி குழம்பவில்லை. அண்ணா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

சமீப காலமாக அவளுக்கு ஒரு மரத்துப்போன தன்மை வந்திருந்தது. வீட்டுக்குப் போனால் படுப்பாள், தூங்க மாட்டாள். அம்மா அந்தோணியம்மாள் சமையலறையிலிருந்து “சோபியா” என்று கூப்பிட்டால் உடம்பு தூக்கிப்போடும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டால் கேட்பதற்கு எதுவும் தோன்றாது. ஒரே ஒரு நாள் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் இருக்க வேண்டும் ஆண்டவரே என்று மட்டும் வேண்டிக்கொள்வாள். ஒருநாள் வலிப்பு வந்து விழுந்தவரை அரிசி மூட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டிப்போட்டுவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போனாள். பாதி வழியில் நின்று, தனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதைக் கவனித்தாள். பிறகு அதையும் மறந்துவிட்டு, கொடியில் துணி உலர்த்தினாள்.

இந்தச் சமயத்தில்தான் பணியாளர்களின் மன அழுத்தத்தைப் போக்குவது என்று நிர்வாகம் தீர்மானித்தது.

வேலூரிலிருந்து ஜெயக்குமார் என்ற பயிற்சியாளர் வருவதாக ஏற்பாடு. கேட்டில் கட்டுவதற்குப் பேனர் அடித்தார்கள். அதில் செயலாளரின் படம் பெரிதாகவும், பயிற்சியாளரின் படம் நடுத்தரமாகவும், மன அழுத்தம் சிறிய எழுத்திலும் இருந்தன. அன்று பிள்ளைகள் எல்லாரும் ஒன்பது மணிக்குள் குளித்து, சவரம் செய்து, பட்டன் போட்டுத் தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு. சோபியா முந்தின நாள் காலையில் வந்தவள். இரவுக்கு வரவேண்டியவள் வரவில்லை, அதனால் இரவும் அவளே இருந்து, மறுநாள் காலையும் நின்றுகொண்டிருந்தாள்.

ஏழரை மணிக்குக் குழாயடியில் தனகோடியை முக்காலியில் உட்கார வைத்து முகத்தில் நுரை பூசினாள். வரிசையில் அவர் எட்டாவது ஆள். அந்த நேரம் பார்த்து, பேனர் கட்டுவதற்கான வண்டி கேட்டில் வந்து நின்றது. வண்டிச் சத்தம் கேட்டதும் யாரோ கடையிலிருந்து வந்துவிட்டார்கள் என்று தனகோடி நினைத்துக்கொண்டார். காலையிலேயே பட்டியல் ஆரம்பமாகிவிட்டது. பேசாமல் இருங்கள், கத்தி பட்டுவிடும் என்று சோபியா சொன்னாள். நிறுத்தினார். நுரை காய்வதற்குள் மறுபடி அண்ணனிலிருந்து தொடங்கினார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி தொடங்கினார். உள்ளேயிருந்து யாரோ சோபியா, சோபியா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“அருள்ராஜ், பவுடரு” என்று பட்டியல் முடிந்தது. தனகோடி கேட்டைப் பார்த்துச் சிரித்தார். “அருள்ராஜ் வரான்.”

அவள் கை போய்விட்டது. வலது கையில் ரேசர் இருந்தது, போனது இடது கை. அறைந்தது தான்தான் என்பது அவளுக்குச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்தது. தனகோடியின் வலது காதிலும் கன்னத்திலும் அவளுடைய உள்ளங்கையும் ஐந்து விரல்களும் வெள்ளை நுரையில் அச்சுப்போல் விழுந்திருந்தன. அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து அதைத் துடைத்தாள். அதோடு சாட்சியும் போயிற்று.

தனகோடி அழவில்லை, கத்தவில்லை. சத்தம் வரவில்லை என்பதால், செயலாளரின் கணக்குப்படி அங்கே எதுவும் நடக்கவில்லை.

பத்து மணிக்குப் பயிலரங்கு. நேரத்தின் அருமை பற்றிச் செயலாளர் நாற்பது நிமிடம் பேசினார். பணியாளர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ராஜம்மாள் மட்டும் சாம்பார் அடுப்பில் இருக்கிறது என்று எழுந்து எழுந்து போனாள். ஜெயக்குமார் கோட்டு போட்டிருந்தார். ஆரணி வெயிலில் கோட்டு போட்டவர் மன அழுத்தத்தை வெல்வது பற்றிப் பேசத் தகுதியானவர்தான். எல்லாரும் கண்ணை மூடுங்கள், நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள், அலை வருகிறது என்றார். இரண்டாவது அலை வருவதற்குள் சோபியா தூங்கிவிட்டாள். பாருங்கள், இந்தச் சகோதரி எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டார் என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எல்லாரும் மெதுவாகக் கைதட்டினார்கள். கைதட்டலில் விழித்துக்கொண்ட சோபியா யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து ஓடப்போனாள்.

கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை. பத்தாவது கேள்வி, ‘என் பொறுப்பில் உள்ளவர்களிடம் நிதானம் இழந்திருக்கிறேன்’ என்பது. சோபியா எண் போடவில்லை. கீழே காலியாக இருந்த இடத்தில், இன்று காலை ஏழரை மணிக்குத் தனகோடி அண்ணாவைக் காதில் அடித்தேன் என்று எழுதி, பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

தாள்களை அடுக்குகிற சாக்கில் செயலாளர் எல்லாவற்றையும் படித்தார். அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“என்னம்மா இது, பேரெல்லாம் போட்டு?”

“நடந்தத எழுதனேன் சார்.”

“நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க.”

“வேணும்னு செய்யல. ஆனா செஞ்சேன்.”

அடுத்த வாரம் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள், இது ஃபைலில் இருந்தால் இருபத்தாறு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று அவர் விளக்கினார். அதே கேள்விகள் உள்ள வேறொரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். சோபியா அதைத் தொடவில்லை.

“எனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆளு போடுங்க சார். இல்லன்னா என்ன வேலைய வுட்டு அனுப்பிடுங்க. அடிச்சவள வெச்சுக்கக் கூடாதில்ல.”

“உங்கள மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்மா.” செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார். “ரொம்பச் சோர்வா இருக்கீங்க. ரெண்டு நாள்...” என்றவர் நிறுத்தி, மனதுக்குள் ஆட்களை எண்ணினார். “ரெண்டு மணி நேரம் போய்ப் படுத்துட்டு வாங்க.”

மேற்கொண்டு வாதாடத் தெம்பில்லாமல் அவள் அந்தப் புதுத் தாளை இழுத்துப் பத்துப் பூஜ்யம் போட்டுக் கொடுத்தாள். தண்ணிழல் பணியாளர்களின் சராசரி மன அழுத்தம் மாவட்டத்திலேயே குறைவு என்று பிறகு ஜெயக்குமார் அனுப்பிய சான்றிதழை லேமினேட் செய்து ஆபீசில் மாட்டினார்கள்.

மறுநாள் காலை சோபியா நுரை எடுத்த கையைத் தூக்கியதும் தனகோடியின் உள்ளங்கை தானாக எழுந்து வலது காதை மூடியது. அவள் கையை இறக்கினாள். அவர் கை இறங்கவில்லை. நேற்று நடந்தது இவர்களுக்கு இன்று நினைவிருக்காது, அதுதான் தெய்வத்தன்மை என்று செயலாளர் விருந்தாளிகளிடம் சொல்வது வழக்கம். பதினேழு வருடத்துப் பன்னை நினைவு வைத்திருக்கும் மனிதரைப் பற்றித்தான் அதையும் சொன்னார்.

தப்புப் பண்ணிவிட்டேன் அண்ணா என்று சோபியா சொன்னாள். அவர் தலையாட்டினார். காதை மூடிய கை அப்படியே இருந்தது. மன்னித்துவிட்டாரா, அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று வாரம், தினமும், அவருடைய விரல்களைச் சுற்றியே சவரம் செய்தாள். சாதம் ஊட்டும்போது இடது கையை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொள்ளப் பழகினாள். ஒருநாள் கலைமகள் என்ற பெண் குழம்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டபோது, செருகி வைத்த கை உருவிக்கொண்டு மேலே எழுந்தது. தலைக்கு மேலே அது நிற்பதை அவளே அண்ணாந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் பெரிய கடைத்தெருவில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்குப் போய் வேலை கேட்டாள். விரித்துக் காட்டிய சேலைகளை மடித்து வைக்கிற வேலை இருந்தது.

செயலாளரிடம் சொன்னபோது அவர் சேவை பற்றிப் பேசினார். பிறகு தாயைப் பற்றிப் பேசினார். அவள் நின்றுகொண்டே இருந்ததால் கடைசியில் சட்டத்துக்கு வந்தார்.

“பிள்ளைங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க. கடைக்குன்னே சொல்லிட்டுக் கிளம்புங்க.”

“தனகோடி அண்ணாகிட்ட நெசத்தச் சொல்லிட்டுத்தான் போவேன் சார். அந்தப் பட்டியல்ல பதினஞ்சாவதா நான் இருக்க மாட்டேன்.”

“எந்தப் பட்டியல்?” என்றார் செயலாளர்.

பதினேழு வருடமாகப் பிரார்த்தனை என்று காட்டிக்கொண்டிருந்தவர் ஒருமுறையாவது பக்கத்தில் போய்க் கேட்டிருக்கலாம்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் பெயரைச் சொல்லி ஒரு விரலை மடக்கிக்கொண்டு, ஆயுசு முழுக்க அந்த மனிதர் அங்கே உட்காரக் கூடாது. அடித்தது போதும், காத்திருக்கவும் வைக்கக் கூடாது.

இதை அடுப்படியில் சொன்னபோது ராஜம்மாள் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். “நீ போறதே சேலக் கடைக்குத்தான? பதினாலு பேரு பொய் சொல்லிட்டுப் போனானுங்க, ஒருத்தியாவது நெசமாவே கடைக்குப் போறா. சொல்லிட்டுப் போயேன், இன்னா பாவம் வந்துரும்?”

சோபியா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் அதை நிறுத்தும் வழி மறந்துபோயிருந்தது. சிரித்துச் சிரித்து அரிசி மூட்டைமேல் சாய்ந்தாள். அது எந்த இடத்தில் அழுகையானது என்று ராஜம்மாளுக்கும் தெரியவில்லை. “அடச்சீ, பேஜாரு புடிச்சவளே” என்று சொல்லி முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

கடைசி நாள் சனிக்கிழமை. பையை முன்கூட்டி அனுப்பாமல் சோபியா தோளில் மாட்டிக்கொண்டாள். டீ முடிந்து தனகோடி நாற்காலியைத் தூக்கியபோது, அவளும் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அவருடைய இடது பக்கம் போட்டாள், அடிபட்ட வலது காது தனக்கு மறுபக்கம் இருக்கட்டும் என்று. அப்படியும் அவர் கை எழுந்து காதை மூடியது. மற்றக் கையால் பட்டியலைச் சொன்னார். பவுடர்வரை அவள் காத்திருந்தாள்.

“அண்ணா, நான் நாளையிலேருந்து வர மாட்டேன்.”

“கடைக்கு” என்றார் தனகோடி.

“கடைக்கு இல்லண்ணா. வேலைய வுட்டுட்டேன். போய்ட்டா திரும்பி வர மாட்டேன். எனக்கோசரம் நீ இங்க குந்தினு இருக்கக் கூடாது.”

நாலு நாள் வீட்டில் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள். சொல்லி முடித்ததும் அவள் தயாரானாள். அவர் கத்தலாம், தலையைக் கேட்டில் மோதலாம். பழைய துணியும் தண்ணீருமாக ராஜம்மாளை அடுப்படி வாசலில் நிற்க வைத்திருந்தாள். போளூர் பஸ் ஒன்று போயிற்று. தறிக்கான பாவு நூல் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் சைக்கிளில் போனார். தனகோடி அவளுடைய பையைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த அவளுடைய இடது கையைப் பார்த்தார்.

“கடைக்குப் போ” என்றார்.

“அண்ணா, கடைக்கு இல்ல...”

“போ. கடைக்குப் போ.”

பதினான்கு பேரிடமும் எப்போது வருவாய் என்று கேட்டவர் அவர். யாரையும் போ என்று சொன்னதில்லை.

அப்போதே அவள் எழுந்திருக்க வேண்டும். வந்த காரியம் முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்லியாயிற்று, அவர் அழவும் இல்லை. எழுந்திருக்கவில்லை. ஒன்பது வருடம் அந்த இல்லத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொற்கள் அவள் வாயிலிருந்து வந்தன.

“உனக்கு இன்னாண்ணா வாங்கினு வரட்டும்?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. சொல்ல மாட்டேன் என்று செயலாளரிடம் சண்டை போட்ட அதே பொய். இருந்தும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிஸ்கட் என்று சொல்லட்டும், சீப்பு என்று சொல்லட்டும், ஒரு பலூன் என்று சொல்லட்டும். கடைத்தெருவையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடுவாள்போல் உட்கார்ந்திருந்தாள்.

தனகோடி காதை இன்னும் அழுத்தி மூடிக்கொண்டார்.

“ஒண்ணும் வேணாம்.”

அவள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கொண்டியைப் போட வெளியிலிருந்து கையை உள்ளே விட வேண்டும். வலது கையை விட்டுப் போட்டாள்.

சேலைக் கடை வேலை சுகமான வேலைதான். குளிர்சாதனம் உண்டு. கல்யாணக் கூட்டம் எண்பது சேலைகளை விரித்துப் போட்டுவிட்டு, எண்பத்தோராவதை எடுத்துக்கொண்டு போகும். சோபியா கரையோடு கரை சேர்த்து, நீவி, நாலாக மடித்து அடுக்குவாள். மடித்த சேலை மடித்தபடி இருக்கும். எழுந்து நடக்காது, மேலே வாந்தி எடுக்காது, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாது. முதல் இரண்டு நாள் அவள் இதைப் பெரிய வரமாக நினைத்தாள்.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்குப் போன் வந்தது. அவள் கேட்டுக்கொண்டபடி ராஜம்மாள் பேசினாள். கேட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன், நீயே கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனைத் தனகோடி பக்கம் நீட்டினாள். சேலைக் குவியலுக்கு நடுவே சோபியா மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

அண்ணன், பன்னு. சுபத்ரா, பேனா. பிலவேந்திரன், பந்து. குரல் அவசரப்படாமல் வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அவளும் விரலை மடக்கினாள். அருள்ராஜ், பவுடரு.

அதற்குப் பிறகு நாற்காலியின் கால்கள் சிமெண்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

“கேட்டியா? ஒம் பேரு இல்ல” என்றாள் ராஜம்மாள். “மூணு நாளாவே இல்ல. ஒனக்குப் பாரம் கூடாதுன்னு வுட்டுட்டான் போல. நீ கேட்டது கெடச்சுச்சு இல்ல, நிம்மதியா இரு.”

சோபியா சரி என்றாள். காதை மூடிக்கொண்டுதான் அவர் வேண்டாம் என்று சொன்னார் என்பதை ராஜம்மாளிடம் சொல்லவில்லை. பன்னு வாங்கித் தராமல் பதினேழு வருடமாக ஏமாற்றிய அண்ணனுக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது. ஏழு மாதம் இருந்துவிட்டுப் பொய் சொல்லிப் போன பிலவேந்திரனுக்கு இருக்கிறது. அவர்கள் வந்தால் அவர் எழுந்து நிற்பார்.

கடையில் ஐந்தேகால் மணிக்கு எல்லாருக்கும் டீயும் ஒரு பன்னும் கொடுப்பார்கள். தட்டு அவளிடம் வந்தது. பன்னை எடுத்து, சேலைக்குள் வைக்கிற வெள்ளைத் தாளில் சுற்றி, பைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை வெளியே எடுத்துத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, மெரூன் நிறத்தில் இன்னும் நாலு காட்டச் சொன்ன கல்யாண வீட்டு அம்மாளுக்காக அலமாரிப் பக்கம் திரும்பினாள்.